ஐசி-யில் முகவரி மாறினால் ஓட்டும் கூடவே மாறிவிடாது: பினாங்குக்குக் குடிவந்தவர்களுக்கு

2019-இல் கல்யாணம் முடிந்து கெடாவில் இருக்கும் சுங்கைப் பட்டாணியிலிருந்து பினாங்கில் இருக்கும் பிறைக்கு வந்தேன். வந்த சில வாரங்களிலேயே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் ஐசி-யில், அதாவது அடையாள அட்டையில், முகவரியை மாற்றிவிட்டேன். அட்டையில் பிறை என்று இருக்கிறது, அப்படியானால் ஓட்டும் பிறையில்தான் என்று நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். 2022 நவம்பர் பொதுத் தேர்தலின்போது பிள்ளை பெற்ற பத்தியத்தில் இருந்ததால் சாவடிப் பக்கமே போகவில்லை. அதனால் அப்போதும் விஷயம் தெரியவில்லை.

2023 மாநிலத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் சும்மா பார்ப்போமே என்று தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஐசி எண்ணைத் தட்டினேன். மாநிலம் என்ற இடத்தில் கெடா என்று வந்தது. எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று இன்னொரு தடவை தட்டினேன். மறுபடியும் கெடா. ஒரு முகப்பிடத்தில் போய்க் கேட்டதற்கு, "இனிமேல் இந்தத் தேர்தலுக்கு முடியாது, அடுத்ததற்குப் பாருங்கள்" என்றார்கள்.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் நடந்தே போய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் விரலில் மையோடு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையைப் பின் இருக்கையில் கட்டிவிட்டு நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். "ஓட்டுப் போடவாவது வந்தியே" என்று அம்மா தோசை சுட்டுப் போட்டார். கெடாவிலும் அன்றைக்கே தேர்தல் என்பதால் ஓட்டு வீணாகவில்லை. ஆனால் அடைத்துக் கிடந்த சாக்கடை பிறையில் என் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நான் ஓட்டுப் போட்டதோ, நான் குடியில்லாத ஒரு தொகுதியின் வேட்பாளருக்கு.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த ஓட்டு, எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் இப்போது நகராண்மைக் கழகங்களுக்குத் தேர்தல் கிடையாது. தீவில் உள்ள எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்), பெருநிலத்தில் உள்ள எம்பிஎஸ்பி (செபராங் பிறை மாநகர் மன்றம்) இரண்டுக்கும் மேயரையும் கவுன்சிலர்களையும் மாநில அரசுதான் நியமிக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும், மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தைச் செலவு செய்பவர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்க நமக்கு வழியில்லை. ஆகவே குப்பை, சாக்கடை, தெருவிளக்கு விஷயத்தில் நம் கைக்கு எட்டுகிற ஓட்டு, சட்டமன்ற ஓட்டுதான். மாநில அரசை அமைப்பது அது, கவுன்சிலர்களை நியமிப்பது அந்த அரசு.

பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகள், 13 நாடாளுமன்றத் தொகுதிகள். முன்பெல்லாம் இரண்டுக்கும் ஒரே நாளில் போடுவோம். போன தடவை பிரிந்துவிட்டது: நாடாளுமன்றத்துக்கு 2022 நவம்பர் 19, சட்டமன்றத்துக்கு 2023 ஆகஸ்ட் 12. "போன வருடம்தானே போட்டேன்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு பேர்.

கோலாலம்பூரிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே சட்டமன்றமே கிடையாது, 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டும்தான். பினாங்குக்கு மாறினால் உங்கள் கைக்கு ஓர் ஓட்டு கூடுதலாக வருகிறது.

2. பெயர் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்

தேர்தல் ஆணையத்துக்கு மைஎஸ்பிஆர் செமாக் என்ற தளம் இருக்கிறது, அதே பெயரில் கைப்பேசிச் செயலியும் உண்டு. ஐசி-யின் 12 எண்களைத் தட்டினால் போதும், கட்டணம் இல்லை. பெயர், வாக்களிப்பு வட்டாரம், சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத் தொகுதி, மாநிலம் எல்லாம் வரும். பலர் தங்கள் பெயரைப் பார்த்ததும் "சரி, இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். கடைசி வரி வரைக்கும் படியுங்கள். எனக்கு விவகாரம் இருந்தது கடைசியில்தான்.

பெயர் எழுத்துக்கூட்டலையும் ஐசி-யோடு வைத்துப் பாருங்கள். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு நீளமாக வரும் நம் பெயர்களில் ஓர் எழுத்து முன்பின்னாக இருந்தால் பார்த்தவுடன் கண்ணில் படாது.

இங்கே நான் கண்ட பொறிகள் சில.

நீல ஐசி, அதாவது குடியுரிமை, இருந்தால்தான் ஓட்டு. சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள், அதாவது நிரந்தரவாசிகள், எத்தனை வருடம் இங்கே இருந்தாலும், வரி கட்டினாலும் பட்டியலில் வரமாட்டார்கள். நம் குடும்பங்களில் அண்ணனுக்கு நீலம், அக்காளுக்குச் சிவப்பு என்று இருப்பது அதிசயமில்லை. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குடியுரிமை விண்ணப்பத்தை. அது தனிக் கதை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. நல்லதுதான். ஆனால் ஏறுவது பதிவிலாகாவில் இருக்கும் முகவரிப்படி. உங்கள் பிள்ளைக்கு 12 வயதில் எடுத்த ஐசி-யில் ஈப்போ முகவரி இருந்து, நீங்கள் பட்டர்வொர்த்துக்குக் குடிவந்து ஐந்து வருடம் ஆகியும் மாற்றவில்லை என்றால், அவனுடைய முதல் ஓட்டு ஈப்போவில்தான். 18 ஆவதற்கு முன்பே முகவரியை மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி அவனுக்கு இருக்காது.

அப்புறம், ஊர்ப் பெயரும் தொகுதிப் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணாதீர்கள். பாகான் டாலாம் சட்டமன்றத் தொகுதி பாகான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் பிறை, பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில். அஞ்சல் குறியீட்டை வைத்து ஊகித்தால் தப்பாகிவிடும்.

தேர்தல் நெருங்கினால் "உங்கள் சாவடியை இங்கே பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் இணைப்புகள் சுற்ற ஆரம்பிக்கும். முகவரி எஸ்பிஆர் டாட் ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடியவில்லை என்றால் ஐசி எண்ணைக் கொடுக்காதீர்கள்.

3. முதலில் ஐசி-யில் முகவரி

வீடு மாறியவர்கள் 30 நாளுக்குள் பதிவிலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. யாரும் அப்படிப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஓட்டை மாற்ற வேண்டுமானால் இந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது. தேர்தல் ஆணையம் ஐசி-யில் இருக்கும் முகவரியைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நேரில்தான் போக வேண்டும், பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்பதால் இன்னொருவரை அனுப்ப முடியாது. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: பழைய ஐசி, புது முகவரிக்கு ஓர் ஆதாரம், 10 ரிங்கிட். ஆதாரத்துக்குத் தெனாகா (மின்சார) பில் அல்லது தண்ணீர் பில் போதும். வாடகைக்கு இருந்தால் பில் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்குமே, அதனால் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் போங்கள். எல்லாவற்றிலும் அசல். போட்டோ அங்கேயே பிடிப்பார்கள், ஸ்டுடியோவுக்குச் செலவு செய்ய வேண்டாம். பின்னணி வெளிர் நிறம் என்பதால் அடர்ந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டையில் போய்த் திரும்பி வந்தவர் என் கொழுந்தன்.

இணையத்தில் முன்பதிவு எடுத்துக்கொண்டால் பாதி நாள் மிச்சம். பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு ஐசி எடுக்க மொத்த ஊரும் அங்கேதான் இருக்கும்.

வீட்டு எண், லோரோங் (சந்து) எண் இரண்டையும் முகப்பிடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே சரிபாருங்கள். லோரோங் 2 என்பது லோரோங் 12 ஆகிவிட்டால், மறுபடியும் வரிசை.

4. தேர்தல் ஆணையத்தில் தனியாக விண்ணப்பம்

நான் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான்.

தானாகப் பதிவாவது என்பது புதிதாகப் பட்டியலில் ஏறுபவர்களுக்கு. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் ஐசி முகவரியை மாற்றினால், அவருடைய ஓட்டு பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதை நகர்த்த, முகவரி மாற்றத்துக்கென்று தேர்தல் ஆணையத்திடம் ஒரு விண்ணப்பம் போட வேண்டும். இரண்டு அலுவலகம், இரண்டு வேலை. பதிவிலாகாவில் இதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது அவர்கள் வேலையும் இல்லை என்பார்கள்.

இதற்கு மைஎஸ்பிஆர் டாஃப்தார் என்ற இன்னொரு தளம். கணக்கு ஒன்று திறந்து, முகவரி மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐசி-யின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கட்டணம் ஒரு சென்னும் இல்லை. "நான் செய்து தருகிறேன், 20 ரிங்கிட் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கணினி, கைப்பேசி ஒத்துவராதவர்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்துக்கு ஐசி-யோடு நேரில் போகலாம்.

படம் எடுக்கும்போது கவனம். என் முதல் படத்தில் மேலே விளக்கு வெளிச்சம் பட்டு முகவரியின் இரண்டாவது வரி வெள்ளையாகப் போய்விட்டது. நல்லவேளை, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பார்த்தேன். பகலில், ஜன்னல் ஓரம், இருண்ட நிற மேசை விரிப்பின் மேல் வைத்து எடுத்தால் தெளிவாக வரும். நான்கு மூலையும் தெரிய வேண்டும்.

அனுப்பியதும் வரும் குறிப்பு எண்ணைத் திரையோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியை ஒழுங்காகக் கொடுங்கள். பிள்ளையின் பழைய மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கடவுச்சொல் ஞாபகமில்லை என்று தவித்தவர்கள் உண்டு.

5. காத்திருப்பு

விண்ணப்பித்த அன்றைக்கே மாறிவிடாது. மாதா மாதம் துணை வாக்காளர் பட்டியல் ஒன்று தயாராகிறது. அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் இருந்தால் கேட்டு, பிறகு உறுதிப்படுத்தி, அரசிதழில் போட்ட பிறகுதான் உங்கள் ஓட்டு புது இடத்துக்கு வந்ததாகக் கணக்கு. நான் 2023 செப்டம்பரில் விண்ணப்பித்தேன், நவம்பர் கடைசியில் மைஎஸ்பிஆர் செமாக்கில் பினாங்கு என்று வந்தது. இரண்டு மூன்று மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் பார்வைக்கு வரும் நாட்களில் பெயரைத் தேடிப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அந்த நாட்களுக்குள்ளேயே கோரிக்கை கொடுக்க வேண்டும்.

சட்டமன்றம் கலைந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. கலைந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். அந்தத் தேர்தலுக்கு ஏற்கெனவே உறுதியான பட்டியல்தான். சட்டமன்றத்தின் ஆயுள், முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து ஐந்து வருடம். 2023-இல் அமைந்த பினாங்கு சட்டமன்றம் எவ்வளவு இழுத்தாலும் 2028-ஐத் தாண்டாது. 2022 டிசம்பரில் கூடிய நாடாளுமன்றத்தின் ஆயுள் 2027 டிசம்பர் வரை. இரண்டுமே அதற்கு முன்பே கலைந்தாலும் கலையலாம். அதனால் "இன்னும் நாள் இருக்கிறதே" என்ற கணக்கு வேண்டாம்.

6. தேதி அறிவித்த பிறகு

வேட்புமனுவுக்கும் ஓட்டு நாளுக்கும் நடுவில் 2023-இல் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்.

மைஎஸ்பிஆர் செமாக்கை மறுபடியும் திறங்கள். இப்போது பள்ளிக்கூடத்தின் பெயர், சாலுரான் (ஓட்டுப் போடும் வகுப்பறை) எண், பட்டியலில் உங்கள் வரிசை எண், வருவதற்குப் பரிந்துரைக்கும் நேரம் எல்லாம் சேர்ந்திருக்கும். இவற்றில் பள்ளி, சாலுரான், வரிசை எண் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியை மட்டும் நம்ப வேண்டாம், சாவடி வாசலில் நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஐசி-யைக் கையில் எடுத்துப் பாருங்கள். காணாமல் போயிருந்தால் உடனே பதிவிலாகா. முதல் தடவை தொலைத்ததற்கு 100 ரிங்கிட், தேய்ந்து உடைந்திருந்தால் 10 ரிங்கிட். அவர்கள் கொடுக்கும் தற்காலிகத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வேலை நாளில் மாட்டிக்கொள்பவர்களுக்கு: 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி, ஓட்டுப் போட்டு வருவதற்கு நியாயமான நேரத்தை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும், அதற்குச் சம்பளம் வெட்டக் கூடாது. தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் மேற்பார்வையாளரிடம் இதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் அன்றைக்கு முகச்சுளிப்பு இருக்காது.

7. ஓட்டு நாள்

2023-இல் காலை 8 முதல் மாலை 6 வரை. காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது. பத்துக்கு மேல் வெயில், மூன்றுக்கு மேல் மழை, பள்ளி நடைபாதையில் நிழல் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சாலுரான் என்பது வகுப்பறை. வயதுப்படி பிரிப்பதால் 1-ஆம் சாலுரானில் மூத்தவர்கள், எண் ஏற ஏற இளையவர்கள். ஒரே வீட்டிலிருந்து போனாலும் மாமியார் ஒரு வரிசை, மருமகள் ஒரு வரிசை. அதனால் வயதானவர்களைக் கூட்டிப் போனால் அவர்களுடைய சாலுரானுக்கு முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு உங்கள் வரிசைக்குப் போங்கள். கை நடுக்கம், கண் மங்கல் என்று தாங்களே குறியிட முடியாதவர்கள் இருந்தால் சாவடித் தலைவரிடம் சொல்ல வேண்டும். படிவம் ஒன்றை நிரப்பிவிட்டுக் குடும்பத்தார் ஒருவர் உதவிக்குப் போக வழி இருக்கிறது. நாமாகவே கூட நுழைந்துவிடக் கூடாது.

உள்ளே முதல் எழுத்தர் ஐசி-யை வாங்கி, பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படிப்பார். என் பெயரை அவர் மூன்று துண்டாக்கிப் படித்தார், கட்சி முகவர்கள் தங்கள் தாளில் தேடிக் கோடு போட்டார்கள். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாமவர் வாக்குச்சீட்டைக் கொடுப்பார். வாங்கியவுடன் திருப்பிப் பாருங்கள்: கிழிசல், ஏற்கெனவே ஏதாவது கோடு, கறை இருந்தால் அங்கேயே சொல்லி வேறு சீட்டுக் கேளுங்கள். மறைப்புக்குள் போய்க் கைதவறிக் கெடுத்துவிட்டாலும் பெட்டியில் போடுவதற்கு முன் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் விழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கட்டத்துக்குள் ஒரே ஒரு பெருக்கல் குறி. பெயர் எழுதுவது, கையெழுத்துப் போடுவது, ஓம் போடுவது எதுவும் வேண்டாம். உங்களை அடையாளம் காட்டும் எதுவும் சீட்டைச் செல்லாததாக்கும். மை காயாத விரலால் சீட்டைத் தொடாதீர்கள், வலது கையால் பிடித்து மடியுங்கள்.

கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள், சீட்டைப் படம் எடுக்கக் கூடாது. கட்சிச் சின்னம், வேட்பாளர் படம் போட்ட சட்டை, தொப்பி வேண்டாம்.

8. மை காய்ந்த பிறகு

உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் எங்கே, எந்த நாளில் திறந்திருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கவுன்சிலர் யார் என்பதையும் அங்கேயே கேட்கலாம். புகார் கொடுக்கும்போது இடத்தின் படம், லோரோங் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். கொடுத்த பிறகு புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் இரண்டாம் தடவை போனால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

என் வீட்டுப் பின்சாக்கடைக்கு மூன்று புகார் எண்கள் ஆகின. நான்காவது தடவை சேவை மையத்துக்குப் போனபோது அங்கே இருந்த அம்மா, "நீங்கள் இந்தத் தொகுதிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, கைப்பேசியில் மைஎஸ்பிஆர் செமாக்கைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, புகார்த் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.